டிவிடி பிளேயர் லக்ஷண விசாரம்

யானைக்கு லக்ஷணம் கூறும் நூல் உண்டு. குதிரைக்கு அசுவ சாஸ்திரம் உண்டு. வாசற்படி எத்திசை நோக்கவேண்டும் என்பதற்கு மனையடி சாஸ்திரமும், பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்பதற்குப் பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களும் உண்டு. இவ்வளவு இருந்தும், ஏறக்குறைய இருபது வருஷ காலம் தமிழ்நாட்டுக் கூடங்களில் தொலைக்காட்சிப் பெட்டியின் காலடியில் வீற்றிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களை ஆண்ட டிவிடி பிளேயர் என்னும் யந்திரத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, தேர்ந்தெடுத்தபின் எவ்வாறு நிறுவுவது, நிறுவியபின் அது ஓடாவிட்டால் வீட்டில் யாரைக் கோபித்துக்கொள்வது என்பன பற்றி நம் பண்டிதர்கள் ஒரு வரியும் எழுதிவைக்காமற் போனது எண்ணுந்தோறும் வியப்பை விளைப்பதாகும். அக்குறையை ஓரளவு நீக்கும் பொருட்டே இச்சிறு விசாரம் எழுதப்படுகிறது.

இதை எழுதுகிறவன் வசிப்பது அமராவதி நகர். உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே போகும் பேருந்து, மலையில் முட்டிக்கொள்ளாத குறையாக வந்து நிற்கும் இடம் அது. காமராஜர் காலத்து அணை ஒன்று, அணையை ஒட்டி முதலைப் பண்ணை ஒன்று, 1962 முதல் காலையும் மாலையும் அணிவகுப்புச் சப்தம் கேட்டுக்கொண்டிருக்கும் சைனிக் பள்ளி ஒன்று, இவற்றைப் பார்க்க ஞாயிறுதோறும் வருகிறவர்கள் வாங்கித் தின்னும் பொரித்த மீன், இவையே எங்கள் ஐசுவரியம். 'எல்லாம்தான் செல்பேசியில் வருகிறதே, இந்தக் காலத்தில் தட்டு எதற்கு?' என்று கேட்கும் நவீனர்களுக்கு விடை கூறவேண்டியது ஆசிரியன் கடமை. மலையில் மேகம் இறங்கினால் எங்கள் ஊரில் சிக்னலும் கூடவே இறங்கிவிடும். கதாநாயகன் குன்றின் உச்சியிலிருந்து குதித்த நிலையில் அந்தரத்தில் நிற்க, திரையின் நடுவே ஒரு சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, அவன் தரைக்கு வந்து சேருவதற்குள் நாம் ஆட்டுக்குப் புல் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம்.

மேலும், எங்கள் வீட்டுப் பரண்மீது மூன்று பனியன் அட்டைப்பெட்டிகள் நிறையத் தட்டுகள் இருக்கின்றன. மாப்பிள்ளை திருப்பூரில் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவர் உபயம் அந்த அட்டைப்பெட்டிகள். சென்ற தை மாதம் அவரே சுவரில் மாட்டும் புது டிவி ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். அது வந்த வாரமே, பன்னிரண்டு வருஷம் உழைத்த பழைய பிளேயர், சக்களத்தியைக் கண்டவள் போல, வாயைத் திறந்தது திறந்தபடி நின்றுவிட்டது. அணைக்கரைப் பண்ணையில் வெயிலுக்கு வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடக்கும் முதலைக்கும் அதற்கும் வித்தியாசம் யாதெனில், முதலை எப்போதாவது மூடும். இவ்விசாரம் எழுந்த சந்தர்ப்பம் இதுவே.

முறைப்படி முதலில் பெயர்க்காரணம் கூறவேண்டும். எங்கள் பக்கத்தில் இந்த யந்திரத்துக்கு இன்றளவும் வழங்கும் பெயர் 'டெக்கு' என்பதே. டெக்கு என்பது உண்மையில் நாடா ஓட்டும் பழைய வீடியோ பெட்டியின் பெயர். நாடா ஒழிந்து தட்டு வந்து இவ்வளவு காலம் ஆனபிறகும், பட்டா மாற்றாத நிலம் போல, பெயர் மட்டும் அப்பன் பேரிலேயே இருக்கிறது. டெக்கு இருந்த அதே மேசைமேல், அதே பூவேலை விரிப்பின்மேல் இது வந்து உட்கார்ந்தமையால் இதை இடவாகுபெயர் என்று கொள்வதே பொருத்தம் என்பது என் துணிபு. இதனினும் சிக்கலானது 'திருட்டு விசிடி' என்னும் தொடர். திருட்டைப் பண்பாக உடைய விசிடி என்று விரித்தால் பண்புத்தொகையாகும்; திருட்டினால் ஆன விசிடி என்று விரித்தால் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகும். இரண்டில் எது என்று புலவர்கள் முடிவு கட்டுவதற்கு முன்பே, 2004-இல் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருட்டையும் அதில் சேர்த்துவிட்டார்கள். ஐயம் வந்தவிடத்து வழக்கு நோக்கி முடிவு செய்க என்ற இலக்கண விதி இவ்வாறு காவல் நிலையத்தில் நிறைவேறிற்று.

இனிக் கால ஆராய்ச்சி. தமிழுக்கு மூன்று சங்கம் இருந்தமை போலவே வீட்டுச் சினிமாவுக்கும் மூன்று சங்கம் உண்டு. முதற்சங்கம் நாடாச் சங்கம். கலர் டிவியும் டெக்கும் மூன்று கேசட்டுகளும் ஒரு ராத்திரி வாடகைக்கு வந்து இறங்கும். காதுகுத்து வீட்டுப் பந்தலிலோ நோன்பிக்கு வந்த உறவினர் நிறைந்த திண்ணையிலோ அவை மூன்றும் விடிவதற்குள் ஓடி முடியவேண்டும். மூன்றாம் படத்தைப் பார்த்தவர்கள் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. முதற்சங்கத்து நூல்களைக் கடல் கொண்டது. இச்சங்கத்து நாடாக்களைப் பூஞ்சை கொண்டது. இடைச்சங்கம் விசிடி. 1993-இல் இலக்கணம் வகுக்கப்பெற்ற இத்தட்டில் 74 நிமிஷப் படம் அடங்கும் என்பது விதி. விதி வகுத்தவர்கள் பாட்டும் சண்டையும் தங்கச்சி கல்யாணமும் உள்ள படத்தைப் பார்த்தவர்கள் அல்லர் ஆகையால், தமிழ்ப்படம் இரண்டு தட்டாகவும், பழைய படம் மூன்று தட்டாகவும் உடைந்தது. அதன் சித்திரம் குறுக்கே 352 புள்ளியும் நெடுக்கே 288 புள்ளியும் மட்டுமே கொண்டது. கூட்டத்தில் ஓரமாக நிற்கும் துணை நடிகர்களுக்கு மூக்கு வாய் வைக்க அதில் புள்ளி மிச்சமிராது. கடைச்சங்கம் 1996-இல் ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்த டிவிடி. வட்டம் அதே 12 சென்டிமீட்டர். ஆயினும் ஒரே அடுக்கில் 4.7 ஜிபி கொள்ளும். சித்திரம் 720-க்கு 576. துணை நடிகர்களுக்கு முகம் வந்தது இச்சங்கத்தில்தான். 2006-இல் வந்த ப்ளூரேயையும் சேர்த்து நான்கு சங்கம் என்பாரும் உளர். எங்கள் ஊருக்குள் அது வந்ததாகச் சான்றில்லாமையால் அதைச் சங்கம் மருவிய காலம் என்று ஒதுக்கிவிடுகிறேன்.

கடைச்சங்கத்தைப் புரந்த மன்னர்கள் இருவர். ஒருவர் அரசாங்கம்: 2006-இல் தொடங்கி, வீடுதோறும் 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி இலவசமாக வழங்கிற்று. மற்றவர் ஒரு வணிகர்: 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விலை போட்டு, தட்டைப் பெட்டிக்கடையில் முறுக்குச் சரத்துக்குப் பக்கத்தில் தொங்கவைத்தது. அதுவரை வாடகைக்குத் தட்டெடுத்துவந்த குடும்பங்கள் சொந்தத் தட்டு வாங்கின. அந்நிறுவனம் 2018-இல் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. பரணில் உள்ள என் மூன்று அட்டைப்பெட்டிகளில் ஒன்று முழுக்க அதன் கொடையே. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறி, கறிக்குப்பின் தட்டு என்ற ஒழுகலாறு பனியன் சீமையில் உறுதிப்பட்டது இக்காலத்தில்தான்.

பீடிகை போதும். எந்தப் பிளேயரை வாங்குவது?

பூர்வபக்ஷிகள் சொல்வதாவது: பெயர்பெற்ற கம்பெனியின் பெட்டியே சிறந்தது, அதன் உடல் இரும்பு, அதன் ரிமோட் கைக்கு அடக்கம், அதன் சித்திரம் தெளிவு, உறவினர் வந்தால் காட்டப் பெருமை. இவற்றுள் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் அப்பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. அதைச் சொல்லத் திருப்பூரிலிருந்துதான் உவமை எடுக்கவேண்டும்.

திருப்பூரில் ஒரு பனியனை இரண்டு கண்கள் பார்க்கும். ஏற்றுமதிக் கம்பெனியின் செக்கிங் மேசையில், குழல்விளக்கின் கீழ், அதை விரித்து இழுத்துத் திருப்பிப் பார்க்கும் கண் ஒன்று. ஓர் எண்ணெய்ப் பொட்டு, ஊசி பழுதாகித் துணி நெடுக விழுந்த நீடில் லைன் ஒன்று, ஊசி நுனியளவு ஓட்டை ஒன்று தெரிந்தால் போதும், ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடும். அதே பனியன் பிற்பாடு காதர்பேட்டைக்கு வரும். அங்கே அதைப் பார்க்கும் கண் வேறு. 'போட்டா எங்கீங்க தெரியப்போகுது?' என்று கேட்டுக்கொண்டே அது பனியனை மடித்துப் பையில் போடும். வாங்கினவன் மூன்று வருஷம் உடுத்துவான். பெயர்பெற்ற பிளேயர்கள் ஏற்றுமதி மார்க்கத்தைச் சேர்ந்தவை. ஒரு கீறலைக் கண்டதும் தட்டை வெளியே தள்ளி, 'நோ டிஸ்க்' என்று முகத்தில் எழுதிவைத்துவிடும். வைத்த தட்டை இல்லை என்று சாதிப்பது எவ்வளவு பெரிய அசத்தியம் என்பதையும் அவை எண்ணிப்பாரா. பெயரில்லாத பிளேயர்களோ காதர்பேட்டை மார்க்கத்தைச் சேர்ந்தவை. கீறலில் தடுக்கும், கரகரவென்று முனகும், கதாநாயகியின் முகத்தைக் கட்டம் கட்டமாக உடைக்கும். ஆயினும் தட்டைக் கைவிடா. வள்ளுவர் பொறையுடைமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதை மனிதருக்கு மட்டும் உரியதாகக் கொண்டது உரையாசிரியர்களின் குறுகிய நோக்கு. ஆகவே, பிளேயரின் தலையாய லக்ஷணம் பொறை. சித்திரத் தெளிவு, உடலழகு முதலாயின அதற்குப் பிற்பட்டன என்பது சித்தாந்தம்.

பொறை எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்பாருக்குச் சிறிது யந்திர சாஸ்திரம் சொல்லவேண்டும். தட்டில் இருப்பது ஒரே ஒரு கோடு. பனியன் துணி வட்ட மெஷினில் சுழன்று சுழன்று குழாயாக இறங்குவது போல, அக்கோடு நடுவிலிருந்து புறப்பட்டுச் சுழன்று சுழன்று விளிம்பை அடைகிறது. சிடியில் அதை நீட்டிப் பிடித்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகும்; ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக்கி அதில் 1.6 பங்கு. டிவிடியில் இடைவெளி 0.74 பங்குதான். இவ்வளவு நெருக்கத்தில் எழுதியதை ஒரு பிள்ளை கூடத்துத் தரையில் தேய்த்துச் சக்கரம் ஓட்டி விளையாடிய பிறகும் எப்படிப் படிக்க முடிகிறது என்றால், 1960-இல் ரீட், சாலமன் என்னும் இரு அமெரிக்கக் கணித வித்வான்கள் கண்ட உபாயம் ஒன்று. எழுத்துகளோடு சில காவல் எழுத்துகளையும் சேர்த்து எழுதிவைத்தால், சில அழிந்தாலும் மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு மீட்டுவிடலாம். அதோடு, அடுத்தடுத்து வரவேண்டியவற்றை அடுத்தடுத்து எழுதாமல் தட்டில் பிரித்துத் தூவியும் வைத்திருக்கிறார்கள். பழநிக்குக் கல்யாணத்துக்குப் போகும்போது வீட்டார் அனைவரையும் ஒரே வண்டியில் ஏற்றாமல் நாலு பேருந்தில் பிரித்து அனுப்புவோமல்லவா, அதே யுக்தி. ஒரு பேருந்து பஞ்சர் ஆனால் முகூர்த்தம் நின்றுவிடாது. இக்கணக்கின் பலத்தால் கோட்டின் வழியே இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு அழிந்த எழுத்தையும் சிடி மீட்டுக்கொள்ளும். அதற்கும் மேற்பட்ட கீறல் வந்தால் என்ன செய்வது என்பது கணக்கின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அங்கே பெட்டியின் குணம் வேலை செய்யத் தொடங்குகிறது. ஏற்றுமதிக்காரன் நிறுத்துவான். காதர்பேட்டைக்காரன் இரண்டு நொடி விழுங்கிவிட்டு மேலே போவான்.

இங்கே ஓர் உபவிஷயம். பழைய கிராமபோன் தட்டு வெளியிலிருந்து உள்ளே படிக்கப்படும். இது உள்ளிருந்து வெளியே படிக்கப்படும். நாம் தட்டை எடுப்பது விளிம்பைப் பிடித்து. ஆகவே பெருவிரல் ரேகை, எண்ணெய்க்கறி மணத்தோடு, விளிம்பிலேயே படிகிறது. விளிம்பிலிருப்பது படத்தின் முடிவு. வில்லன் துப்பாக்கியை உயர்த்தும் சமயத்திலேயே எல்லா வீடுகளிலும் டிவிடி ஸ்டக் ஆவதற்குக் காரணம் விதியன்று, ஞாயிற்றுக்கிழமைக் கறியே.

இனிப் பரீக்ஷை முறை. பிளேயர் வாங்கப் போகிறவன் தன் வீட்டிலேயே மிகவும் சீரழிந்த தட்டைத் துணிப்பையில் போட்டு எடுத்துப்போகவேண்டும். நான் அவ்வாறே உடுமலையில் பழைய சாமான்களைப் பழுது பார்த்து விற்கும் ஒரு சிறு கடைக்குப் போனேன். "எந்த மாடலுங்கய்யா பார்க்கறீங்க?" என்றார் கடைத் தம்பி. "மாடலைப் பத்தி எனக்குத் தெரியாது தம்பி, இதை எது ஓட்டுதோ அது வேணும்" என்று தட்டை நீட்டினேன். அவர் அதை வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, சிறிது நேரம் மௌனமாயிருந்து, பிறகு, "ஏனுங்கய்யா, இதுல பாத்திரம் வெளக்குனீங்களா?" என்றார். அதன்பின் பரீக்ஷை நடந்தது. முதற்பெட்டி பெரிய கம்பெனியுடையது. தட்டை உள்வாங்கி, ஒருமுறை சுற்றி, நான் மேலே விவரித்த அசத்தியத்தை உரைத்தது. இரண்டாவது, தட்டை வாங்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்து, ஒரு முடிவுக்கும் வராமல் திரும்பக் கொடுத்தது. மூன்றாவது, முகப்பில் பெயர் இருந்த ஸ்டிக்கரும் உரிந்துபோய், மேல்மூடியில் நான்கு திருகுக்கு இரண்டு மட்டுமே உடைய ஒரு பெட்டி. அது தட்டை விழுங்கியதும் கடை முழுவதும் மாவு மெஷின் போல ஓர் ஓசை எழுந்தது, திரையில் நிழலாடிற்று, ஒருவர் முகம் ஓரிடத்திலும் மூக்கு ஓரிடத்திலுமாக நகர்ந்து, மெல்ல ஒன்றுசேர்ந்து, பாடத் தொடங்கினார். "இதுக்கும் லென்ஸ் கொஞ்சம் வீக்குங்கய்யா, பொய் சொல்லக்கூடாது" என்றார் தம்பி. அறுநூறு ரூபாய்க்கு முடிந்தது.

காதர்பேட்டை மார்க்கத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. டிவிடிக்காரர்கள் உலகத்தை மண்டலங்களாகப் பங்கிட்டு எண் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்கா 1, சிங்கப்பூர் 3, நமக்கு 5. சிங்கப்பூரிலிருந்து சகலையின் மகன் ஆசையோடு கொண்டுவந்து கொடுத்த தட்டை மண்டலம் பார்த்து மறுத்தது முன்பு எங்கள் வீட்டிலிருந்த ஒரு பெருமை மிக்க பெட்டி. விருந்தாளி கொண்டுவந்த பலகாரத்தை வாசலிலேயே திருப்பி அனுப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஸ்டிக்கர் உரிந்த பெட்டி அதே தட்டை ஒரு கேள்வியும் கேட்காமல் ஓட்டிற்று.

அடுத்தது ஸ்தாபனம், அதாவது நிறுவுதல். மாப்பிள்ளை கொடுத்த புது டிவியின் முதுகைத் தடவிப் பார்த்ததில், மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்ற மூன்று வட்டத் துளைகளுக்குப் பதிலாக ஒரே ஒரு சிறு துளைதான் இருந்தது; அதற்கென்று வேறு ஒயர் வேண்டுமாம். அது டிவி வந்த அட்டைப்பெட்டியில் இருந்திருக்கிறது. அட்டைப்பெட்டியில் இப்போது வெங்காயம் இருக்கிறது. ஒயர் எங்கே என்பதற்கு வீட்டில் சாட்சி இல்லை. ஆகவே பரணிலிருந்து அரசாங்கம் கொடுத்த 14 அங்குலப் பெட்டியை இறக்கிப் பின்கட்டில் வைத்தோம். சுவரில் ஐயாயிரம் நிறம் காட்டும் டிவி கறுத்துக் கிடக்க, குடும்பம் முழுவதும் பின்கட்டில் ஒரு முழத் திரைக்கு முன் நெருங்கி உட்கார்ந்ததை மாப்பிள்ளையிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அச்சிறு பெட்டியின் முகத்தில் இரண்டே துளை: மஞ்சள், வெள்ளை. பிளேயரின் ஒயருக்கோ மூன்று தலை. மஞ்சள் படத்துக்கு; வெள்ளை இடச்செவிக்கு; சிவப்பு வலச்செவிக்கு. சிவப்புத் தலை அநாதையாகத் தொங்கிற்று. இது குற்றமா என்று ஆராய்ந்ததில், நாங்கள் பார்க்கவிருந்த படம் ஒலியை இரண்டாகப் பிரிக்காத காலத்தது. வலச்செவிக்கென்று தனியே ஒன்றும் அதில் சொல்லப்படவில்லை. ஆகவே சிவப்பை ஒரு ரப்பர் பேண்டால் சுருட்டி வைத்தோம்.

அப்படம் 'நாடோடி மன்னன்'. எம்.ஜி.ஆர். இரட்டை வேடமிட்டு, தாமே தயாரித்து, முதன்முறையாகத் தாமே இயக்கி 1958-இல் வெளியிட்டது. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். எங்களிடம் உள்ளது மூன்று தட்டு விசிடி. அப்படத்தின் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. பிற்பகுதி மட்டும் வண்ணம். பிளேயரைப் பரீக்ஷிக்க இதைத் தேர்ந்தெடுத்தது என் வாழ்நாளின் அறிவீனங்களுள் ஒன்று என்பதை வாசகர் சிறிது நேரத்தில் காண்பார்.

ரிமோட்டில் 'என்/பி' என்று ஒரு சிறு பொத்தான் உண்டு. இந்தியாவில் தொலைக்காட்சிக்குப் 'பால்' என்னும் முறை. 625 வரி, நொடிக்கு 25 படம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 'என்டிஎஸ்சி'. 525 வரி, நொடிக்கு ஏறக்குறைய 30 படம். பெட்டிக்குத் தெரியாத முறையில் பிளேயர் பேசினால், சில பெட்டிகளில் சித்திரம் ஆட்டுக்கல் போல உருளும். சிலவற்றில் சித்திரம் நிலையாக நின்று நிறம் மட்டும் போய்விடும். எங்களுடையது இரண்டாம் வகை. முதல் தட்டு ஓடுகையில் பேரன் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாக நல்லெண்ணத்துடன் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். கறுப்பு வெள்ளைப் படத்தின் நிறம் போனதை யார் கண்டார்?

இரண்டாம் தட்டு முடிந்தது. இரவு மணி பத்து. இல்லாள் கொட்டாவி விட்டுக்கொண்டு, "ஏனுங்க, கலர்ப் படம்னீங்களே?" என்றாள். "பொறு, சரோஜாதேவி வந்தால் கலர் வரும்" என்று நான் சபைக்கு உறுதி கூறினேன். என் பதினாறாம் வயதில் உடுமலைக் கொட்டகையில் அத்திருப்பத்தில் எழுந்த விசில் இன்னும் என் செவியில் இருக்கிறது. மூன்றாம் தட்டைப் போட்டோம். சரோஜாதேவி வந்தார். கறுப்பு வெள்ளையாகவே வந்தார். "இது வேறு பிரதியாயிருக்கலாம்" என்றேன். பாடபேதம் என்ற ஒன்று எல்லா நூல்களுக்கும் உண்டென்றும், ஏடெழுதுவோர் பிழையால் நிறம் விட்டுப்போயிருக்கலாமென்றும், இன்னும் சிறிது நேரத்தில் வந்தாலும் வரும் என்றும் விரிவாக எடுத்துரைத்தேன். "அந்தம்மா வந்து ஒரு பாட்டும் பாடியாச்சுங்க, இனி எப்பத்தான் வரும்?" என்றாள் அவள். லென்ஸ் வீக்காயிருப்பதால் நிறத்தைப் படிக்க முடியவில்லையோ என்று ஒரு புதிய கொள்கையை நான் வகுத்துக்கொண்டிருக்கும்போதே, பேரன், "அப்புச்சி, இத அமுக்குனா ஒரு தடவ ஆடுதுங்" என்று சொல்லி அப்பொத்தானை இன்னொருமுறை அழுத்தினான். திரை ஒருகணம் கறுத்தது. பிறகு பச்சையும் நீலமும் செம்மையுமாக ஒரு தீவே எழுந்து நின்றது. இல்லாள் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி இந்நூலில் விசாரம் இல்லை.

ஆகவே சூத்திரம்: நிறம் தெரியாத படத்தை வைத்து நிறத்தைப் பரீக்ஷிக்கற்க.

பராமரிப்பு பற்றிச் சொல்லும்போது பனியன் சீமைக்காரனுக்கு மட்டும் வாய்த்த ஒரு பாக்கியத்தைச் சொல்லாமலிருக்க முடியாது. மற்ற ஊர்களில் தட்டைத் துடைக்க வேட்டி நுனி, முந்தானை, சட்டைக் கை ஆகியவற்றைப் பிரயோகிக்கிறார்கள். இவையெல்லாம் தறியில் குறுக்கும் நெடுக்கும் நெய்தவை, கஞ்சி போட்டவை, உரசும் குணமுடையவை. பனியன் துணியோ கண்ணிகளால் பின்னியது, கைக்கு நெகிழும், ஈரத்தை உறிஞ்சும். திருப்பூரில் துணி வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளுக்கு வேஸ்ட் என்று பெயர். கிலோக் கணக்கில் மூட்டை கட்டி விற்பார்கள். லாரிப் பட்டறைகளில் எண்ணெய்க் கை துடைக்கப் போகும். மாப்பிள்ளை வரும்போதெல்லாம் வெள்ளை வேஸ்ட் ஒரு பிடி கொண்டுவருவார். அதிலொரு துண்டை வெந்நீரில் அலசி உலர்த்தி, தட்டின் நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி, சக்கரத்தின் ஆரக்கால் போல நேராக இழுக்கவேண்டும். வட்டமாகத் துடைப்பது மகாபாவம். ஏனெனில் ஆரக்கால் வழியில் விழும் கீறல் கோட்டைக் குறுக்கே வெட்டி ஒரு சுற்றில் ஒரு புள்ளியை மட்டுமே அழிக்கும். அதை ரீட், சாலமன் பார்த்துக்கொள்வார்கள். வட்டக் கீறல் கோட்டோடு கூடவே ஓடி, ஒரு வாக்கியம் முழுவதையும் அழித்துவிடும். நாலு பேருந்தும் ஒரே பள்ளத்தில் இறங்கியது போல ஆகும். இன்னும் ஒன்று: சிடியில் நாம் கண்ணாகக் காக்கும் பளபளப்பான அடிப்பக்கத்தைவிட, அசட்டையாகப் பேனாவால் பெயரெழுதும் மேற்பக்கமே மெல்லியது, எழுத்துகள் அந்த அச்சுக்கு அடியில், ஒரு பூச்சின் மறைவில்தான் இருக்கின்றன. டிவிடியில் இரண்டு பாதிகளை ஒட்டி நடுவில் வைத்துக் காத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பத்து வருஷம் எல்லாரும் தப்பான பக்கத்தையே போற்றினோம்.

துடைக்கத் துணி தரும் அதே தொழில், லென்ஸை மூடப் பஞ்சுத் தூசியும் தரும். மாப்பிள்ளையின் சட்டையோடு வரும் தூசியே போதும். ஆகவே பிளேயருக்கு உறை தைத்துப் போடுவாரும் உளர். போடலாம், ஓடும்போது மட்டும் எடுத்துவிடவேண்டும். எங்கள் பழைய பெட்டி வாய் பிளந்து நின்றதற்குக் காரணம் தேடி மூடியைக் கழற்றியபோது, உள்ளே சூட்டுக்கு இதமாக இரண்டு பல்லி முட்டைகள் இருந்தன. இதற்குப் பஞ்சாங்கத்தில் பலன் பார்த்தேன். தோள், தலை, முழங்கால் எல்லாம் இருக்கிறது, டிவிடி பிளேயர் இல்லை.

மின்வெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தட்டு உள்ளே இருக்கும்போது மின்சாரம் போனால், அது திரும்பும்வரை தட்டு பெட்டியின் சொத்து. குண்டூசியால் நெம்பாதிருப்பது நலம். திரும்பியபின் படம் விட்ட இடத்தில் தொடராமல், மறுபடி எழுத்துப் போடுவதிலிருந்து ஆரம்பிக்கும். 2012-ஆம் வருஷத்து மின்வெட்டுக் காலத்தில் நான் ஒரே படத்தின் முதல் இருபது நிமிஷத்தை ஒன்பது முறை பார்த்திருக்கிறேன்.

இதனால் விளைந்த ஒன்றையும் அட்டைப்பெட்டிகளை ஆராய்ந்தபோது கண்டேன். மூன்று தட்டுப் படங்கள் எல்லாவற்றிலும் முதல் தட்டே அதிகம் கீறுண்டது. இரண்டாவது அதில் பாதி. மூன்றாவது பெரும்பாலும் கடையில் வாங்கிய நாள் போலவே மின்னுகிறது. பெரிய புராணப் பிரதிகளில் முதல் நாற்பது பக்கத்தில் மட்டும் எண்ணெய்க் கறை இருப்பது போன்றதே இது. 'நாடோடி மன்ன'னின் முதல் தட்டை எங்கள் ஸ்டிக்கர் உரிந்த பெட்டியும் இப்போது சிறிது சிணுங்கியே ஓட்டுகிறது. ஆகவே, கதை எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று, சென்ற மாதத்திலிருந்து நாங்கள் மூன்றாம் தட்டிலேயே தொடங்குகிறோம். ரிமோட்டைப் பேரன் வைத்துக்கொள்கிறான். இல்லாள் கொட்டாவி விடுவதற்கு முன்பே சரோஜாதேவி வந்துவிடுகிறார்.